ஆறு சிஸ்டம் உள்ள கிளினிக்குக்கு எந்த சர்வர்?

அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர் தம்பதி நடத்தும் கிளினிக்கின் மேனேஜர் தம்பி கேட்ட கேள்வி இது. ரிசப்ஷன், இரண்டு கன்சல்டிங் ரூம், லேப், பார்மசி, ஆபீஸ் என்று மொத்தம் 6 சிஸ்டம். ஒரு நாளைக்கு 80 ஓபி, பத்துப் பன்னிரண்டு எக்ஸ்ரே. இப்போதைக்கு ரிசப்ஷனில் உள்ள விண்டோஸ் 10 சிஸ்டமே சர்வராகவும் ஓடுகிறது. திருநெல்வேலி வெண்டர் ஒருவர் 3,40,000 ரூபாய்க்குக் கொடேஷன் கொடுத்திருக்கிறார்: இரண்டு பிராசஸர் போட்ட ரேக் சர்வர், 64 ஜிபி ராம், நான்கு ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் சர்வர். "இதை வாங்கலாமா அண்ணாச்சி? சாப்ட்வேர் எதை எடுக்க? இல்லை, எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாமா? பழைய சிஸ்டத்தை என்ன செய்ய?"

வாங்க வேண்டாம் தம்பி. வெண்டர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டி ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குச் சரியாக இருக்கும். உங்களுக்கு அதில் பாதி கூட வேலை இருக்காது. ரேக் சர்வரின் சின்ன ஃபேன்கள் போடுகிற இரைச்சலை நீங்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. பக்கத்து அறையில் டாக்டர் ஸ்டெத் வைத்து நெஞ்சுச் சத்தம் கேட்க முடியாது.

அந்தக் கொடேஷனில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். யுபிஎஸ் இல்லை. பேக்கப்புக்கு ஒரு வரி இல்லை. பெட்டி பழுதானால் மறுநாள் ஓபி எப்படி ஓடும் என்பதற்குப் பதில் இல்லை. முதலில் சாப்ட்வேரை முடிவு செய்ய வேண்டும், அப்புறம் பேக்கப், அப்புறம் கரண்ட். பெட்டி கடைசியில்தான். முதல் மூன்றும் சரியாக இருந்தால் நான்காவதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கிளினிக் ஓடும். முதல் மூன்றில் கோட்டை விட்டுவிட்டு எவ்வளவு பெரிய பெட்டி வாங்கினாலும் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

எவ்வளவு டேட்டா சேரும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 80 ஓபி, வருடத்துக்கு 300 நாள் என்றால் 24,000 வருகை. ஒரு வருகைக்கு எழுத்தாக மட்டும் பதிந்தால், தாராளமாக 20 கேபி வைத்தாலும், வருடத்துக்கு அரை ஜிபிதான். பழைய சீட்டுகளையும் வெளி ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் செய்து ஒன்று 300 கேபி வீதம் சேர்த்தால் இன்னொரு 7 ஜிபி. இடத்தைத் தின்பது எக்ஸ்ரேதான். ஒரு டிஜிட்டல் படம் 15 எம்பி என்று வைத்தால், நாளுக்கு 10 படத்துக்கு வருடத்தில் 45 ஜிபி. ஐந்து வருடத்துக்குக் கூட்டினாலும் 300 ஜிபியைத் தாண்டாது. ஒரே நேரத்தில் வேலை செய்கிறவர்கள் 6 பேர். இதற்கு இரண்டு பிராசஸர் எதற்கு?

சரி, சாப்ட்வேருக்கு வருவோம். டெமோ காட்ட வருகிறவர்கள் கலர் கலராக டேஷ்போர்டு காட்டுவார்கள். அதைப் பார்க்க வேண்டாம். உங்கள் ரிசப்ஷன் பெண்ணை உட்கார வைத்து, "இசக்கியம்மாள், போன தடவை சுகருக்கு வந்தவங்க" என்று தேடச் சொல்லுங்கள். நம் பக்கம் எந்தக் கிளினிக்கிலும் பத்து இசக்கி, பத்து சுடலை, பத்து பேச்சியம்மாள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் பதியும்போது இசக்கியை ஒருத்தர் 'I' எழுத்தில் தொடங்குவார், இன்னொருத்தர் 'E' எழுத்தில் தொடங்குவார். ஒலியை வைத்துப் பெயர் தேடும் வசதி இருக்கிறது என்று சொல்கிற சாப்ட்வேர்கள் பலவும் சவுண்டெக்ஸ் முறையைத்தான் வைத்திருக்கின்றன. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே முதல் எழுத்து மாறிய இசக்கி அதில் சிக்க மாட்டாள். ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல் உண்டாகும், பென்சிலின் அலர்ஜி என்று எழுதியது அதில் ஒரு ஃபைலில் மட்டும் கிடக்கும். போன் நம்பரை அடையாளமாக வைக்கலாம் என்பார்கள். மகன் நம்பர் ஒன்றைத்தான் வீட்டில் ஐந்து பேரும் கொடுப்பார்கள். பெயர், ஊர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, போன் எல்லாவற்றையும் சேர்த்துத் தேட முடிகிற சாப்ட்வேர்தான் இங்கே வேலைக்கு ஆகும். ஓபி சீட்டில் ஒரு பார்கோடு அச்சடித்து, அடுத்த தடவை அதைக் கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

அடுத்து, பார்மசி கவரில் 'காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்குப் பின்' என்று தமிழில் அச்சாக வேண்டும். அது யூனிகோடில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய எழுத்துருக்களில் தமிழைச் சேமிக்கும் சாப்ட்வேர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு வேறு சாப்ட்வேருக்கு மாறும்போது அந்தத் தமிழ் எல்லாம் குப்பையாகத்தான் வந்து விழும்.

பார்மசி இருப்பதால், வருடா வருடம் அப்டேட் தருகிற ஆள் வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, சிலவற்றுக்கு வரியே இல்லை என்றானது. கையிருப்பு எல்லாம் பழைய விலையில் இருக்கும்போது, ஒரு காலையில் எழுந்து அத்தனையும் மாற வேண்டியிருந்தது. வருடப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சிக்குப் பணம் கட்டிய கடைக்காரர்களுக்கு அப்டேட் வந்தது, கட்டாதவர்கள் கையால் திருத்தினார்கள். கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனி ரிஜிஸ்டர் வைத்து 3 வருடம் காக்க வேண்டும் என்பதும் சட்டம். அது பில்லிங்கிலிருந்து தானாக வருகிறதா என்று பார்மசிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

லேபில் உள்ள அனலைசர் மிஷின்கள் பலவும் இன்றைக்கும் சீரியல் கேபிளில்தான் பேசுகின்றன. ஏஎஸ்டிஎம் அல்லது ஹெச்எல்7 வடிவத்தில் ரிசல்ட்டை அனுப்பும். "இன்டர்பேஸ் உண்டு" என்று வெண்டர் சொன்னால், "எங்கள் மிஷினோடு, எங்கள் மாடலோடு, எங்கே ஓடுகிறது? போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பிளாட்பாரத்தில் கிடைக்கும் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரைப் போட்டால் வாரத்துக்கு ஒரு தடவை போர்ட் நம்பர் மாறி ரிசல்ட் நின்றுபோகும். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்கி, ஒரே யுஎஸ்பி துளையில் மாட்டி, அந்தத் துளையில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "நாங்கள் விட்டுப் போகிறோம் என்றால் எங்கள் டேட்டாவை எந்த வடிவத்தில் தருவீர்கள், எவ்வளவு பணத்துக்கு, எத்தனை நாளில்?" இதை வாயால் கேட்டு விட்டுவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை உங்களுக்குத் தரமாட்டேன் என்கிற வெண்டரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் இணைந்ததா, நோயாளியின் 14 இலக்கச் சுகாதார அடையாளமான ஆபா நம்பரைச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். இன்று அவசரமில்லை, ஆனால் இன்ஷூரன்ஸ் பக்கமெல்லாம் அதை நோக்கித்தான் போகிறது. பிரவுச்சரில் "ஹிப்பா சான்று" என்று போட்டிருந்தால் அசந்துவிடாதீர்கள், அது அமெரிக்கச் சட்டம். அம்பையில் கேள்வி கேட்கப் போவது நம் சட்டம்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலவச சாப்ட்வேர்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஓபன்இஎம்ஆர் நல்ல சாப்ட்வேர். ஆனால் அதன் பில்லிங் அமெரிக்க இன்ஷூரன்ஸை மனதில் வைத்துக் கட்டியது. நம்ம ஊர் பார்மசிக் கணக்கு அதில் உட்காராது. பாம்னி நம் நாட்டிலேயே, சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஒரு கிராமப்புற ஆஸ்பத்திரியின் தேவைக்காகப் பிறந்தது. நோயாளிப் பதிவுக்கு ஓபன்எம்ஆர்எஸ், லேபுக்கு ஓபன்எலிஸ், கணக்குக்கு ஓடூ என்று மூன்று சாப்ட்வேரைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். திறமையான ஒரு லினக்ஸ் ஆள் கூடவே இருந்தால் அது பிரமாதம். அந்த ஆள் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. எக்ஸ்ரே படங்களைச் சேமிக்க மட்டும் ஆர்தாங்க் என்ற இலவச டைகாம் சர்வரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சின்னது, அலட்டாதது, பிரவுசரிலேயே படத்தைப் பார்க்கலாம்.

கிளவுடா, லோக்கலா? ஒரு டாக்டர், ஒரு ரிசப்ஷன், லேப் கிடையாது என்றால் நான் சர்வரே வேண்டாம் என்பேன். மாதச் சந்தா கட்டி கிளவுடில் வைத்துக்கொண்டு, இரண்டு வெவ்வேறு கம்பெனி இன்டர்நெட் எடுத்துவிட்டால் போதும். உங்களுக்கு லேப் இன்டர்பேஸ், எக்ஸ்ரே, பார்மசி மூன்றும் உள்ளே இருக்கின்றன. ஆடிக்காற்றில் மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்தால், சரிசெய்ய ஆள் வருவதற்குள் சாயங்கால ஓபி முடிந்துவிடும். ஆகவே ஓடுவது கிளினிக்குக்குள், பிரதி கிளவுடில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரதிதான் இந்தப் பதிலின் நடுநாயகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீர். கீழ்த்தளத்தில் மேசைக்கு அடியில் வைத்த சிபியூ எல்லாம் அப்படியே முங்கியது. பேக்கப் எடுத்த ஹார்ட்டிஸ்க்கும் அதே மேசை டிராயரில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. உங்கள் டாக்டர் வீடு கிளினிக் மாடியில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடியில் வைத்த பிரதி வெள்ளத்துக்குத் தப்பும். தீக்கும் திருட்டுக்கும் தப்பாது. ஒரு பிரதி வேறு ஊரில் இருந்தாக வேண்டும். டாக்டர் வாராவாரம் பாளையங்கோட்டை போகிறவர் என்றால் அங்கே உறவினர் வீட்டு அலமாரி போதும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியில் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அதை இப்படிப் பிரிக்கலாம். இரவு 10 மணிக்கு டேட்டாபேஸ் தானாகவே ஒரு பேக்கப் ஃபைல் எழுதட்டும். அது ஆபீஸ் சிஸ்டத்துக்கு ஒரு காப்பி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய நிலையில் கிளவுடுக்கு ஒரு காப்பி போகட்டும். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, 'அ', 'ஆ' என்று எழுதி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்து, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றுவதுதான் இதில் உயிர்நாடி. பணம் கேட்டு மிரட்டும் வைரஸான ரேன்சம்வேர் வந்தால் மாட்டிக் கிடக்கிற எல்லா டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸிலேயே நடந்தது இது. ஓபி சீட்டைப் பல நாள் கையால் எழுதினார்கள். வெளியே போகும் டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் போட்டுப் பூட்டுங்கள். பஸ்ஸில் தொலைந்தால் டிஸ்க் மட்டும்தான் போக வேண்டும்.

இதில் பல வெண்டர்களும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி செய்து பென்டிரைவில் போட்டால் அது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் பிடித்த காப்பி, தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம். டேட்டாபேஸுக்கென்று உள்ள பேக்கப் கட்டளையால்தான் எடுக்க வேண்டும். மைக்ரோசாப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் தானாக வேலை செய்ய வைக்கும் ஏஜென்ட் கிடையாது. ஆகவே விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு வைக்க வேண்டும். வெண்டர் அதைப் போட்டாரா என்று நேற்றைய தேதியிட்ட ஃபைலைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெண்டரை வைத்துக்கொண்டு அந்த ஃபைலை வேறு சிஸ்டத்தில் ஏற்றி, முந்தின நாள் கடைசியாக வந்த நோயாளியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இதை ஏஎம்சியிலேயே எழுதிவிடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத வெண்டர் பேக்கப்பைப் பற்றிச் சொல்கிற எதையும் நம்ப வேண்டாம். வெள்ளத்தன்று பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. கிளவுடில் பத்திரமாக இருந்தும் பலரால் எடுக்க முடியவில்லை. ஆகவே அச்சடித்த ஓபி சீட்டு ஒரு கட்டும் பில் புக் ஒன்றும் எப்போதும் அலமாரியில் கிடக்கட்டும்.

கரண்டுக்கு வருவோம். சிஸ்டம் பழுது என்று கூப்பிடுகிற இடங்களில் பாதிக்கு மேல் நான் முதலில் திறப்பது கேபினெட்டை இல்லை, பிளக் பாயிண்ட்டைத்தான். மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு எர்த்தைக் கவனியுங்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு ஆளிடம் பொறுப்பு ஒப்படையுங்கள். எக்ஸ்ரே மிஷின் இருக்கும் லைனிலேயே சர்வரையும் மாட்டாதீர்கள், படம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் குதிக்கும். சர்வருக்கு எம்சிபியிலிருந்தே தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அது போதாதா என்று கேட்பீர்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் இன்றைய சர்வர் பவர் சப்ளைகளுக்கு அது ஆகாது. சைன் வேவ் என்றாலும் மாறுகிற அந்த ஒரு கணம் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் ஒன்றை சர்வர், ஸ்விட்ச், ஃபைபர் மோடம் மூன்றுக்கும் மட்டும் வையுங்கள். லேசர் பிரின்டரை அதில் மாட்டக் கூடாது. மூன்றும் சேர்ந்து 150 வாட்டுக்குள் அடங்கும். உள்ளே 12 வோல்ட் 9 ஏஹெச் பேட்டரி மூன்று இருந்தால் காகிதத்தில் 324 வாட் மணி. நடைமுறையில், புதுசாக இருக்கும்போது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி சூட்டுக்குக் கணக்கிட்டுச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம்ம ஊர் மே மாதத்தில் அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்கி வையுங்கள். யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் மாட்டி, பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஷட்டவுன் ஆகும்படி செய்ய வேண்டும். கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகிற வெண்டர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, ஐப்பசி இடி. மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள், சாயங்காலம் ஆனால் இடிதான். லேப் தனிக் கட்டடம் என்றால் நடுவில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். இடி விழுந்த மறுநாள் ஸ்விட்ச் போர்ட்டுகள் வரிசையாகச் செத்துக் கிடக்கும். ஃபைபர் இழுங்கள், அதில் மின்சாரம் பாயாது.

இப்போது பெட்டி. ஒரே பிராசஸர் உள்ள சின்ன டவர் சர்வர் போதும். டெல் பவர்எட்ஜ் டி160, எச்பிஇ புரோலியன்ட் எம்எல்30, லெனோவோ திங்க்சிஸ்டம் எஸ்டி50 இந்த வரிசையில் எது உங்களுக்கு அருகில் சர்வீஸ் உள்ளதோ அது. கம்பெனியைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. "மறுநாள் ஆள் வருவார்" என்று வாரண்டியில் இருந்தால், அந்த ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், பார்ட் எந்த ஊரிலிருந்து வரும் என்று கேளுங்கள். 16 ஜிபி ராமில் ஓடும், 32 வைத்தால் ஐந்து வருடம் கவலையில்லை. ராம் ஈசிசி வகையாக இருக்கட்டும். ஒரு பிட் புரண்டால் அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும். மருந்து அளவைப் பதியும் இடத்தில் அந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

டிஸ்க் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கொடேஷனில் உள்ள நான்கு ஹார்ட்டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டி இரண்டு, ஒவ்வொன்றும் 1 டிபி அளவில் வாங்குங்கள். கரண்ட் சட்டென்று போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் வசதி இவற்றில் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இரண்டையும் ரெய்டு 1 ஆக, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதும்படி வையுங்கள். மதர்போர்டோடு வரும் மலிவு ரெய்டை விட, ஓஎஸ்ஸிலேயே உள்ள சாப்ட்வேர் ரெய்டு எனக்குப் பிடிக்கும். போர்டு போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் போட்டுப் படிக்கலாம். ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தப்பாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஒரு டிஸ்க் செத்தால் மெயில் வரும்படி செட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாவதும் சாகும் வரை யாருக்கும் தெரியாது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல பிசினஸ் டெஸ்க்டாப் வாங்கி ஆபீஸில் வையுங்கள். தினமும் அது ஆபீஸ் வேலை செய்யும், இரவு பேக்கப் வாங்கிக்கொள்ளும். அதிலேயே டேட்டாபேஸ் சாப்ட்வேரையும் ஏற்றி வைத்தால், சர்வர் படுத்த அன்று ஒரு மணி நேரத்தில் அதையே சர்வராக்கி ஓபியைத் தொடரலாம். மூன்றரை லட்சம் ரூபாய் ஒற்றைப் பெட்டியைவிட இந்த ஜோடி பத்திரமானது.

எங்கே வைப்பது? மரக் கப்போர்டுக்குள் வேண்டாம். பெரும்பாலான சர்வர்கள் உள்ளே இழுக்கும் காற்று 35 டிகிரி வரைதான் தாங்கும், பூட்டிய கப்போர்டு அதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும். ஆட்டோகிளேவ் பக்கத்திலும் லேபிலும் வேண்டாம். ஏசிக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம், அது ஒழுகும். ஆபீஸ் அறையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுவரில் ஸ்டாண்டு அடித்து வையுங்கள். பின்பக்கத்தில் கார்டு மாட்டாமல் திறந்து கிடக்கும் துளைகளை மட்டும் மூடிவிடுங்கள், காற்று போகும் துளைகளை மூடக் கூடாது. சாரல் சீசனில் பல்லியும் எலியும் சூடு தேடி உள்ளே போகும். ஒரு பல்லி பவர் சப்ளையில் குறுக்கே படுத்தால் போதும்.

ஓஎஸ். சாப்ட்வேர் எதைக் கேட்கிறதோ அதைத்தான் போட முடியும். விண்டோஸ் என்றால் இரண்டு வழி. விண்டோஸ் 11 புரோவையே சர்வராக ஓட்டலாம், ஒரே நேரத்தில் 20 சிஸ்டம் வரை இணைய அதன் லைசென்ஸ் அனுமதிக்கிறது. உங்களுக்கு 6 தானே. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு எடுத்தால் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ், அதன் மேல் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கேல் என்ற இணைப்பு லைசென்ஸுக்குத் தனியாகப் பணம். கொடேஷனில் கேல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்த்த அளவில் பலரும் விட்டுவிடுவார்கள். பிரவுசரில் ஓடும் சாப்ட்வேர் என்றால் லினக்ஸில் டெபியன் அல்லது உபுண்டு எல்டிஎஸ் போட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளலாம், லைசென்ஸ் செலவே இல்லை. ஆனால் அம்பையிலோ தென்காசியிலோ அதைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் மட்டும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் வரம்பு. எழுத்து மட்டும் என்றால் இருபது வருடம் வரும். ஸ்கேன் செய்த சீட்டுகளை டேட்டாபேஸுக்குள்ளேயே திணிக்கும் சாப்ட்வேர் என்றால் ஒன்றரை வருடத்தில் ஒரு காலைநேர ஓபியில் பில் போட மறுக்கும். ஃபைல்களை வெளியே ஃபோல்டரில் வைக்கிறதா என்று கேளுங்கள். ஆக்டிவேட்டர் போட்ட திருட்டு விண்டோஸ் மட்டும் வேண்டாம். அந்த ஆக்டிவேட்டருக்குள்ளேயே பல சமயம் வைரஸ் வரும்.

வீட்டிலிருந்து டாக்டர் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். ரேன்சம்வேர் அடிக்கடி நுழைகிற வாசல் அது. வயர்கார்டு மாதிரி, பூட்டிய தனிப் பாதை போட்டுத் தரும் ஒரு விபிஎன் போதும். தூரத்திலிருந்து உங்கள் சிஸ்டத்தை இயக்கும் எனிடெஸ்க்கில் வெண்டர் நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருப்பார், அது பெரும்பாலும் கிளினிக் பெயரும் 123-ம் தான். அதை எடுத்துவிட்டு, அவர் கேட்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். பேஷண்ட் வைஃபையும் கிளினிக் நெட்வொர்க்கும் வேறு வேறாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனி லாகின். பார்மசிப் பையன் டாக்டர் லாகினில் உட்காரக் கூடாது.

சட்டம் என்றேனே. 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். அல்ட்ராசவுண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், கர்ப்பிணி ஸ்கேனுக்கு நிரப்பும் எஃப் படிவத்தை 2 வருடம் காக்க வேண்டும். தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் கிளினிக்குக்கு அவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் பேஷண்ட் லிஸ்ட்டை வாட்ஸப்பில் அனுப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய ரிசப்ஷன் சிஸ்டம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது, ஆகவே அதைச் சர்வராக வைத்திருப்பதே ஆபத்து. மாற்றத்தை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். காய்ச்சல் கூட்டம் குவியும் நேரத்தில் புதுச் சாப்ட்வேரில் தடுமாறினால் ஊழியர்கள் வெறுத்துவிடுவார்கள். பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். ஒரு வாரம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். பில் மொத்தமும் ஸ்டாக்கும் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று தினமும் சாயங்காலம் பார்த்துவிட்டுப் பழையதை நிறுத்துங்கள். அப்புறம் அதன் ஹார்ட்டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு மாதம் பீரோவில் வைத்திருந்து, பின் டிரில் போட்டுத் தட்டில் நாலு துளை குடைந்துவிட்டு மீதியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். எக்ஸ்சேஞ்சில் டிஸ்க்கோடு கொடுத்தால் ஐந்நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் டிஸ்க்கைத் தரவேண்டாம்.